விலைக்கு வருமோ வினைத்திறம்?

பொருளால் எதனையும் வாங்கிவிடலாம் என்று எண்ணுவது செல்வர்க்கு இயல்பு. செல்வ நாடுகளுக்கோ அஃது இன்னும் மிகுதி. தம் நாட்டிற் செய்ய மாட்டாத பொருளைப் பிறர் செய்யின், முதலில் அதனை விரும்பி வாங்குவர். பின்னர் அதனைக் கண்டு அஞ்சுவர். அச்சம் முற்றியபின் தடுப்பர். தடுத்தும் அஃதின்றி வாழவியலாது என்று கண்டவிடத்து, செய்தவனையே விலைக்கு வாங்கிவிடலாமா என்று கணக்குப் பார்ப்பர். சீனத்தின் சென்சென் நகரிலுள்ள டி.சே.ஐ. என்னும் நிறுவனத்தைப் பற்றி அமெரிக்க ஒன்றிய நாடுகளிற் சிலர் பேசும் பேச்சு இந்த நான்காம் படியைச் சேர்ந்தது.

டி.சே.ஐ. செய்வது ஆளேறாது பறக்கும் சிறு வானூர்தி. ஆங்கிலத்தில் 'டிரோன்' என்பர். அச்சொல் ஆண் தேனீயைக் குறிப்பது. 1935-ஆம் ஆண்டளவில் பிரித்தானியர் 'குயின் பீ', அஃதாவது அரசித் தேனீ, என்று பெயரிட்டுப் பறக்கவிட்ட ஆளில்லா இலக்கு வானூர்தியை ஒட்டி அப்பெயர் எழுந்ததென்று கூறுவர். ஆங்கிலேயன் தன் தோட்டத்துத் தேனீயிலிருந்து சொல்லெடுத்துக்கொண்டான். தமிழனோ, சொல்லாக்கத்திற்கு வளமான மொழியை வைத்துக்கொண்டே, அவன் சொல்லைக் கடன் வாங்கி, மெய்யெழுத்தைச் சொன்முதலில் வைத்து ஒலிக்கவும் மாட்டாது இடர்ப்படுகின்றான். ஆள் இல்லாதது ஆளிலி. அவ்வளவே. இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்பெறுகின்றது.

பொதுமக்கள் வாங்கும் ஆளிலிகளில், உலக அளவிற் பத்துக்கு ஏழுக்குக் குறையாதவை இவ்வொரு நிறுவனத்தின என்பது பரவலான மதிப்பீடு. திருமண ஒளிப்படக்காரர் முதல் தீயணைப்போர் வரையிலும், நிலம் அளப்போர் முதல் நெற்பயிர்க்கு மருந்தடிப்போர் வரையிலும் இதனை நம்பியிருக்கின்றனர். அமெரிக்கத்திலும் நிலைமை இதுவே. ஆயினும் 2025-ஆம் ஆண்டு திசம்பர் 22-ஆம் நாள், அந்நாட்டின் தொடர்பாணையம் வெளிநாடுகளிற் செய்யப்பெறும் ஆளிலிகளையும் அவற்றின் தலையாய உறுப்புகளையும் தன் தடைப்பட்டியலிற் சேர்த்தது. முன்னரே இசைவு பெற்ற வகைகளை விற்கலாம், பறக்கவிடலாம். புதிய வகைகளுக்கு இசைவு இல்லை. இந்நிலையிலேதான், அந்நிறுவனத்தை முழுமையாகவோ, அதன் அமெரிக்க வாணிகத்தை மட்டுமோ அமெரிக்க முதலாளிகள் வாங்கிக்கொண்டால் அச்சமும் நீங்கும், பொருளும் கிடைக்கும் என்னும் கருத்து எழுகின்றது. டிக்டாக்கு என்னும் படக்காட்சிச் செயலிக்கு 2024-இல் அமெரிக்கம் இயற்றிய கட்டாய விற்பனைச் சட்டமும், அதன் பின்விளைவாக 2026 சனவரியில் அமெரிக்க முதலீட்டாளர் பெரும்பங்கு கொண்டு அமைந்த கூட்டு நிறுவனமும் இக்கருத்தினர்க்குக் கைவிளக்காக இருக்கின்றன.

கைவிளக்கு ஒளி தருவதற்கு மாறாக நிழலையே தருகின்றது. செயலி என்பது கணிப்பொறியுள் வாழ்வது. அதன் பயனாளர் அமெரிக்கத்தில் இருக்கின்றனர். அவர்தம் செய்திகளை வைக்கும் கணிப்பொறிகளையும் அங்கேயே வைக்கலாம். ஆளிலியோ கையாற் செய்யும் பொருள். அதனைச் செய்யும் கை எங்கே இருக்கின்றது, அக்கைக்குத் திறம் எவ்வாறு வந்தது என்று பாராமல் விலை பேசுவது, கிணற்றை வாங்கியவன் ஊற்றும் உடன்வரும் என்று நம்புவதை ஒக்கும்.

பட்டறையும் பள்ளியும்

வாங் தாவோ என்பார் 1980-இல் ஆங்சௌ நகரிற் பிறந்தவர். ஆங்காங்கு அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். சிறு உலங்கு வானூர்தியொன்றை வானில் அசையாது நிறுத்திவைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியைச் செய்வது அவர் இறுதியாண்டுப் பணி. செயல்விளக்கத்தின்போது அது சொன்னபடி நிற்கவில்லை. அவர் பெற்ற மதிப்பெண்ணும் சொல்லிக்கொள்ளும்படியாக இல்லை என்பர். (மதிப்பெண்ணைக் கொண்டே மாணவனை நிறுக்கும் தமிழ்நாட்டுப் பெற்றோர் இதனை இருமுறை படிப்பது நன்று.) ஆயினும் இலி சேசியாங் என்னும் பேராசிரியர் மாணவனின் கையைப் பார்த்தார், மதிப்பெண் தாளைப் பார்க்கவில்லை. அவர் தூண்டுதலும் பொருளுதவியும் பின்னாளில் அந்நிறுவனத்திற்குப் பெருந்துணையாயின. 2006-இல் ஒருசிலரோடு சென்சென்னில் அது தொடங்கப்பெற்றது.

தொடக்கத்தில் அவர்கள் முழு வானூர்தியைச் செய்யவில்லை. அதன் மூளையை மட்டும் செய்தனர். நான்கு சுழலிகளாற் பறக்கும் ஆளிலி தானாக நிலைத்து நிற்கும் இயல்புடையதன்று. காற்று ஒரு புறம் தள்ளினால் மறுபுறத்துச் சுழலியின் விரைவு அந்நொடியே மாறவேண்டும். சாய்வையும் சுழற்சியையும் உணரும் நுண்கருவிகள் நொடிக்குப் பன்னூறு முறை செய்தி தர, அதனைக் கணித்து நான்கு மின்னோடிகளுக்கும் வெவ்வேறு கட்டளை தரவேண்டும். இதுவே மூளை. அதன்பின் படக்கருவியை ஆடாமல் ஏந்தும் தாங்கியைச் செய்தனர். வானூர்தி எப்படிச் சாய்ந்தாலும் படம் சாயாதிருக்க மூன்று சிறு மின்னோடிகள் அதனை எதிர்ப்புறம் திருப்பிக்கொண்டேயிருக்கும். பின்னர்ப் படத்தைத் தரைக்கு அனுப்பும் கருவியைச் செய்தனர். பின்னர்ப் படக்கருவியையே செய்தனர். 2013 சனவரியில் 'பாண்டம்' என்னும் பெயரில், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பறக்கவிடத்தக்க ஆளிலி வெளிவந்தது. அதற்கு முன்னர் ஆளிலி விரும்புவோன் உறுப்புகளை வாங்கி, தானே பற்றவைத்து, தானே பூட்டவேண்டியிருந்தது.

இவ்வளவையும் ஒரே நிறுவனம் செய்ய இயன்றது எவ்வாறு? இங்கேதான் ஊர் வருகின்றது. சென்சென் 1980-இல் தனிப் பொருளாதார வட்டாரமாக அறிவிக்கப்பெற்ற இடம். நாற்பதாண்டுகளாக உலகின் மின்னணுப் பொருள்களைச் செய்து செய்து பழகிய ஊர். அங்கே காலையில் வரைந்த உறுப்பை மாலையிற் செய்து தரும் பட்டறைகள் உண்டு. சில்லுகளையும் கம்பிகளையும் காய்கறி போலக் கடைவிரித்து விற்கும் பேரங்காடி உண்டு. செய்து பார்த்தல், தவறுதல், மறுநாளே திருத்திச் செய்தல் என்னும் சுழற்சி வேறிடத்தில் திங்கட் கணக்கில் நடக்க, அங்கே நாட்கணக்கில் நடந்தது. போட்டியாளர் தோற்றது பணத்தாலன்று; இச்சுழற்சியால்.

தோற்றோர் எளியோரும் அல்லர். அமெரிக்கத்தில் 2009-இல் தோன்றிய 'திரீ டி ரோபாட்டிக்சு' என்னும் நிறுவனம் பெருமுதலோடு 2015-இல் ஆளிலி வெளியிட்டு, மறு ஆண்டே செய்தொழிலைக் கைவிட்டது. படக்கருவிக்குப் பெயர்போன கோபுரோ 2016-இல் வெளியிட்ட ஆளிலி, பறக்கும்போதே மின்னாற்றல் அற்று வீழ்ந்தமையால் சில கிழமைகளிலேயே திரும்பப் பெறப்பட்டது. 2018 சனவரியில் அந்நிறுவனமும் இத்துறையினின்று விலகியது. பிரெஞ்சு நாட்டுப் பாரட்டு 2019-இல் சிற்றாளிலிகளைச் செய்வதை நிறுத்திற்று. அமெரிக்கத்தின் நம்பிக்கையாக இருந்த இசுகைடியோ 2023 ஆகத்துத் திங்களிற் பொதுமக்களுக்கு விற்பதைக் கைவிட்டுப் படைத்துறையையும் காவல்துறையையும் நாடிச் சென்றது. இவர்கள் எவரையும் எவரும் தடுக்கவில்லை. தடைச்சட்டமும் அன்று இல்லை. திறந்த களத்தில் தோற்றபின்னரே களத்திற்கு வேலி கட்டும் எண்ணம் பிறந்தது.

மொழியைப் பற்றி ஒரு சொல். வாங் தாவோ பயின்ற ஆங்காங்குப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்திற் பயிற்றுவது, அதனை மறைப்பதற்கில்லை. ஆயின் ஒரு பொறியாளன் தலையிற் பிறந்த எண்ணம் பட்டறைக்காரனிடமும், பட்டறைக்காரனின் பட்டறிவு மீண்டும் பொறியாளனிடமும் செல்லும் வழி சீனமொழியாக இருந்தது. அச்சு வார்ப்பவனும், மின்கலம் அடுக்குபவனும், சில்லு பற்றவைப்பவளும் பள்ளியில் அறிவியலைத் தம் மொழியிற் கற்றவர்கள். பொறியாளன் கூறுவது அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் மறுத்துரைத்ததும் பொறியாளனுக்குப் புரிந்தது. மேலிருப்போன் ஒரு மொழியிலும் கீழிருப்போன் ஒரு மொழியிலும் எண்ணும் நாட்டில் இவ்விரு வழிப்போக்கு நிகழ்வதில்லை. அங்கே கட்டளை மட்டும் இறங்கும், அறிவு ஏறாது.

வாங்குவது எதனை?

இனி, வாங்கும் பேச்சிற்கு வருவோர் முதலில் தம் நாட்டுச் சட்டத்தையே படித்தல் வேண்டும். 2025 திசம்பர்த் தடை, உடைமையாளன் யார் என்பதை மட்டும் பார்ப்பதன்று. எங்கே செய்யப்பெற்றது என்பதைப் பார்ப்பது. சென்சென் ஆலையில் ஆகும் ஆளிலி அமெரிக்கச் செல்வர் ஒருவரின் உடைமையாயினும், வெளிநாட்டிற் செய்த பொருளே. ஆலையையும் பெயர்த்துக் கொண்டுவந்தாலன்றித் தடை நீங்காது. அன்றியும், 2021 திசம்பரில் அமெரிக்கக் கருவூலத்துறை இதே நிறுவனத்தை, அமெரிக்கர் முதலீட்டைத் தடுக்கும் பட்டியலிற் சேர்த்தது. ஒரு கையால் 'வாங்காதே' என்று எழுதிவைத்துவிட்டு மறு கையால் பணப்பையைத் தேடுவது அரசியலிற் புதிதன்று, எனினும் நகைக்கத்தக்கது.

விற்போன் பக்கம் என்ன? டி.சே.ஐ. பங்குச் சந்தைக்கு வராத தனியார் நிறுவனம். சந்தையிற் பங்குகளைத் திரட்டிக் கைப்பற்ற வழியில்லை. நிறுவியவரின் பிடி அதில் வலிது. அவர் இசையினும் சீன அரசு இசையவேண்டும். 2023 செப்தம்பர் முதல் நாளிலிருந்து சீனம் தன் ஆளிலிகளையும் அவற்றுக்குரிய சிலவகைப் பொறிகளையும் ஏற்றுமதி செய்வதற்கே கட்டுப்பாடு விதித்திருக்கின்றது. பொருள் வெளியே போகவே இசைவு கேட்கும் அரசு, பொருளைச் செய்யும் நிறுவனத்தையே வெளியாரிடம் கொடுத்துவிடும் என்று எண்ணுவார் யார்?

இவை யாவும் ஒருவாறு தீர்ந்து, ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமும் ஆகிவிட்டது என்றே கொள்ளலாம். அப்பொழுது கைக்கு வருவது யாது? பெயர் வரும், வடிவப் படங்கள் வரும், காப்புரிமைகள் வரும். மின்னோடியும், அதற்குரிய காந்தமும், அக்காந்தத்திற்குரிய அரிதிற் கிடைக்கும் மண்மாழைகளும், மின்கலமும் வந்தவழியே வரவேண்டும். அவ்வழியின் கதவு யார் கையில் என்பதை 2024 அக்தோபர் காட்டியது. தைவானுக்கு ஆளிலி விற்றமைக்காகச் சீன அரசு இசுகைடியோவின்மேல் தடை விதித்தது. அமெரிக்கத்திற் பிறந்து, அமெரிக்கத்தில் வளர்ந்து, அமெரிக்கப் படைக்கே ஆளிலி தந்த அந்நிறுவனத்தின் மின்கலம் சீனத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. தடை வந்ததும் ஓர் ஆளிலிக்கு ஒரே மின்கலம் என்று பங்கிட்டுக் கொடுக்கும் நிலை அதற்கு ஏற்பட்டது. ஒரு மின்கலத்தைக் கொண்டு ஏறக்குறைய அரைமணி நேரமே பறக்கும் கருவிக்கு மாற்று மின்கலம் இல்லையென்றால், தீயணைப்போன் தீயைப் பாதி பார்த்துவிட்டு இறக்கவேண்டியதுதான்.

நெதர்லாந்து நாட்டின் பட்டறிவு இதனினும் கூரியது. நெக்சுபீரியா என்னும் சில்லு நிறுவனம் அந்நாட்டில் இருப்பது, உடைமை சீனரது. 2025 செப்தம்பர் இறுதியில் நெதர்லாந்து அரசு பழஞ்சட்டம் ஒன்றை எடுத்து அதன் ஆளுகையைத் தன் மேற்பார்வையிற் கொண்டது. அடுத்த சில நாட்களிற் சீனம், தன் நாட்டிலுள்ள அந்நிறுவன ஆலையிலிருந்து சில்லுகள் வெளியேறுவதைத் தடுத்தது. ஐரோப்பியத் தானூர்தி ஆலைகள் திகைத்தன. நவம்பர்த் திங்களில் நெதர்லாந்து தன் ஆணையை நிறுத்திவைத்தது. ஏட்டில் உடைமை யாருடையதாயினும், பூட்டு ஆலைவாயிலில் இருக்கின்றது.

பெயரை மட்டும் மாற்றும் முயற்சியும் ஒன்று நடந்து பார்த்தாயிற்று. தெக்சாசு மாநிலத்தில் 2024-இல் தோன்றிய ஆன்சு என்னும் நிறுவனம், டி.சே.ஐ.யின் வடிவமைப்புக்கு உரிமம் பெற்று, மலேசியாவிற் செய்வித்து, அமெரிக்கப் பெயரால் விற்கலாயிற்று. உடனே அமெரிக்கப் பேராயத்தார், இஃது அதே சீனப் பொருளுக்குப் போர்த்த வேறு போர்வையன்றோ என்று வினாத் தொடுத்தனர். வினாவிற் பிழையில்லை. ஆயின் அதே வினா, முழு நிறுவனத்தையும் வாங்கும் பேச்சுக்கும் பொருந்துமன்றோ?

வாங்குதல் எப்போதுமே பயன்படாது என்று கூறுவதும் நேர்மையாகாது. சீனத்தின் இலெனோவோ 2005-இல் அமெரிக்க ஐ.பி.எம். நிறுவனத்தின் தன்னாள் கணிப்பொறிப் பிரிவை வாங்கியது, சீலி என்னும் சீன நிறுவனம் 2010-இல் சுவீடன் நாட்டு வால்வோ தானூர்தி நிறுவனத்தை வாங்கியது, டி.சே.ஐ.யே 2017-இல், நிலவுக்குச் சென்ற படக்கருவிகளைச் செய்த ஆசல்பிளாடு என்னும் சுவீடன் நிறுவனத்தின் பெரும்பங்கைக் கைக்கொண்டது. இவை வீண்போகவில்லை. கரணியம் வெளிப்படை. இலெனோவோ முன்னரே கணிப்பொறி செய்தது, சீலி முன்னரே தானூர்தி செய்தது, டி.சே.ஐ. முன்னரே படக்கருவி செய்தது. கையில் தொழிலை வைத்துக்கொண்டு மேலும் நுணுக்கம் வேண்டி வாங்கினர். வாங்கியது கையோடு ஒட்டிக்கொண்டது. தொழிலைக் கைவிட்டவன் வாங்கினால் எங்கே ஒட்டும்? பொதுமக்களுக்கான ஆளிலித் தொழிலைப் பொறுத்தவரை அமெரிக்கம் இன்று கைவிட்டவனாகவே இருக்கின்றது.

அச்சம் பொய்யன்று

இவ்வளவு கூறியதால் டி.சே.ஐ. மாசற்றது என்று கொள்ளுதல் ஆகாது. அமெரிக்கத் தரைப்படை 2017 ஆகத்திலேயே அதன் கருவிகளைப் பயன்படுத்துவதை நிறுத்தியது. 2022-இல், சீன அரசு சார்ந்த முதலீட்டு அமைப்புகள் அதில் முதலிட்டிருப்பதை அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்று வெளிக்கொணர்ந்தது. அதே ஆண்டு அக்தோபரில் அமெரிக்கப் படைத்துறை அதனைச் 'சீனப் படைசார் நிறுவனம்' என்று பட்டியலிட்டது. நிறுவனம் மறுத்து 2024-இல் வழக்குத் தொடுத்தது. 2025 செப்தம்பரில் அமெரிக்க வழக்குமன்றம் அப்பட்டியலில் அதன் பெயர் நிற்கலாம் என்றது. உக்கிரைனில் இருபுறத்துப் படைகளும் இந்நிறுவனத்தின் சிற்றாளிலிகளாலேயே ஒன்றையொன்று வேவு பார்த்தன. 2022 ஏப்பிரலில் இருநாட்டிலும் வாணிகத்தை நிறுத்திவைப்பதாக நிறுவனம் அறிவித்தது. ஆயினும் ஆளிலிகள் வேறு வழிகளில் வந்துகொண்டேயிருந்தன.

எல்லாவற்றினும் கொடிது உய்குர் மக்களைப் பற்றியது. 2020 திசம்பரில் அமெரிக்க வாணிகத்துறை இந்நிறுவனத்தைத் தடைப்பட்டியலிற் சேர்த்தபோது, உயர்நுட்பக் கண்காணிப்பால் மாந்த உரிமை மீறலுக்குத் துணைபோயது என்பதைக் கரணியமாகக் காட்டியது. மொழியை இழந்தால் இனம் என்ன ஆகும் என்று அறிந்தோர், சீனமொழியின் தொழில்வலிமையைப் போற்றும் அதே மூச்சில் உய்குரையும் திபேத்தரையும் மறந்துவிடல் ஆகாது. தன் மொழியிற் கற்று உயர்ந்த ஒரு பேரினம், தன் ஆட்சிக்குட்பட்ட பிற இனத்தார் அவரவர் மொழியிற் கற்பதை நெருக்குகின்றது. சென்சென்னில் தாய்மொழிக் கல்வியின் விளைவு ஒளிர்கின்றது. சின்சியாங்கில் அதே விளைவு தலைக்குமேல் நின்று கண்காணிக்கின்றது.

ஆனால் நிறுவனம் கைமாறினால் உய்குருக்கு என்ன வரும்? ஆளிலியின் கண் உடைமையாளனைப் பார்த்துக் கூசுவதில்லை. வாங்கும் அமெரிக்கன் காவல்துறைகளுக்கு விற்பதை நிறுத்துவானா? போராடும் கூட்டத்தின்மேல் பறக்கவிடாதே என்று விதி எழுதுவானா? மாந்த உரிமையைக் காட்டித் தடை விதித்தவர்கள், விலை பேசும்போது அச்சொல்லைப் பேரப்பட்டியலில் வைத்ததாகத் தெரியவில்லை. பெய்சிங்கின் கண் வாசிங்டனின் கண்ணாக மாறுவதே அவர்க்குப் போதும். எண்ணிச் சில வல்லரசுகளின் கண்களுக்குக் கீழே வாழும் சிறிய இனங்களுக்கு அம்மாற்றம் ஆறுதலன்று. உலக வானத்திற் பத்தில் ஏழு பங்கு ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதுதான் நோய். அந்த ஏழு பங்கையும் முழுதாக மற்றொருவன் கைக்கு மாற்றுவது மருந்தாகாது. பலர் செய்யவேண்டும், பல நாட்டார் செய்யவேண்டும், ஆளிலி அனுப்பும் செய்தி அதனைப் பறக்கவிடுவோனைத் தவிர வேறெவர்க்கும் செல்லாதபடி அமைப்பைத் திறந்துகாட்டச் சட்டம் வேண்டும். வாங்கும் பேச்சு இம்மூன்றையும் தள்ளிப்போடுகின்றது.

குரோம்பேட்டைக்கு வருவோம்

இந்திய ஒன்றிய அரசு 2022 பிப்பிரவரி 9-ஆம் நாள் வெளிநாட்டு ஆளிலிகளின் இறக்குமதியைத் தடைசெய்தது. ஆராய்ச்சிக்கும் படைத்துறைக்கும் சில விலக்குகள் தரப்பெற்றன. உறுப்புகளுக்கு மட்டும் தடையில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், உள்நாட்டிற் செய்வோர்க்கு ஊக்கத்தொகையாக 120 கோடி உருபா ஒதுக்கப்பெற்றது. 2023 நவம்பரில், 15,000 மகளிர் குழுக்களுக்கு உழவு ஆளிலி தர 1,261 கோடி உருபாவில் ஒரு திட்டம் வந்தது. முழுப்பொருளைத் தடுத்து உறுப்பைத் திறந்துவிட்டால் என்ன நிகழும்? பூட்டுதல் நிகழும்; செய்தல் நிகழாது. 2025 பிப்பிரவரியில் 400 ஆளிலிகளுக்கான ஒப்பந்தங்களை, அவற்றிற் சீன உறுப்புகள் இருந்தமை கரணியமாகத் தில்லியின் படைத்துறை கைவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. அமெரிக்கம் பணத்தால் தாண்ட நினைக்கும் பள்ளத்தைத் தில்லி பெயர்ப்பலகையால் தாண்ட நினைக்கின்றது.

தமிழ்நாட்டுக்கு இத்துறையில் தொடக்கம் இல்லாமலில்லை. குரோம்பேட்டையில் 1949-இல் தோன்றிய சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரி, தொடக்கந்தொட்டே வானூர்தியியல் பயிற்றுவது. அங்குப் பயின்ற அப்துல் கலாம், கல்லூரித் தமிழ்ச்சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் வானூர்தியை நாமே செய்வோம் என்னும் பொருள்பற்றித் தமிழில் எழுதி முதற்பரிசு பெற்றார். ஆனந்த விகடன் ஆசிரியராயிருந்த தேவன் அப்பரிசை வழங்கினார். இதனைக் கலாமே தம் வாழ்க்கை நூலிற் குறித்திருக்கின்றார். அதே கல்லூரியின் மாணவர் குழு 2018-இல் ஆத்திரேலியாவில் நடந்த மருத்துவ ஆளிலிப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. தமிழ்நாட்டரசு 2022-இல் ஆளில்லா வானூர்திக் கழகம் ஒன்றையும் அமைத்தது. கையும் உண்டு, அறிவும் உண்டு.

இல்லாதது, அக்கையையும் அறிவையும் இணைக்கும் வழி. கலாம் தமிழில் எழுதி எழுபதாண்டுகள் கடந்தபின்னும் அக்கல்லூரியில் வானூர்தியியல் ஆங்கிலத்திலேயே பயிற்றப்படுகின்றது. அம்பத்தூரிலும் கோவையிலும் கடைசல் பிடிப்பவன் தமிழில் எண்ணுகின்றான்; அவனுக்கு வரைபடம் தருபவன் ஆங்கிலத்தில் எண்ணுகின்றான். மின்னோடிக்குச் செப்புக்கம்பி சுற்றும் தொழிலாளி ஒருவன், இச்சுற்றை இவ்வாறு மாற்றினால் சூடு குறையும் என்று தன் கையறிவாற் கண்டால், அதனை எந்த மொழியில் எவனிடம் சென்று சொல்வான்? சென்சென்னில் அவ்வினாவே எழுவதில்லை.

அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் பயிற்றத் தொடங்கியது. வானூர்தியியலும் மின்னணுவியலும் அவ்வரிசையிற் சேர்தல் வேண்டும். தமிழிற் பயின்றோர்க்கு ஆளில்லா வானூர்திக் கழகத்திலேயே முதலிற் பணியளித்தல் வேண்டும். உறுப்புகளில் எவை இந்நாட்டிற் செய்யப்பெற்றன என்பதை ஒவ்வோர் ஆளிலியின்மேலும் எழுதச் செய்தல் வேண்டும். மின்னோடியும் கட்டுப்பாட்டுக் கருவியும் வெளியிலிருந்து வந்தவையாயின் அதற்கு ஊக்கத்தொகை தருதல் கூடாது. இவற்றுக்குத் தில்லியின் இசைவும் காலமும் தேவைப்படலாம். மகளிர் குழுவினர்க்கும் உழவர்க்கும் தமிழ்நாட்டரசு வாங்கித் தரும் ஆளிலி ஒவ்வொன்றோடும் தமிழிற் பறப்புக் கையேடும் பழுதுபார்க்கும் நூலும் இருத்தல் வேண்டும் என்னும் ஒரு வரியை, அடுத்த கொள்முதல் அறிவிப்பிற் சேர்ப்பதற்கு எவர் இசைவும் தேவையில்லை.